ஆடிட்டர், வக்கீல், தொழில் மையம்: யாரிடம், எப்போது, எதைக் கேட்பது?

கேள்வி இதுதான். திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் சகோதரி ஒருவர், நாத்தனாரோடு சேர்ந்து சாம்பார் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் தயாரித்து விற்க நினைக்கிறார். கையில் சுமார் 6 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். "எல்லாத் தகவலும் யூடியூபிலேயே கிடைக்கிறது. ஆரம்பத்திலேயே ஆடிட்டர், வக்கீல் என்று செலவு செய்ய வேண்டுமா? முதலில் தொடங்கு, வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில்" என்று கேட்டிருக்கிறார்.

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் சொல்வதில் பாதி சரி. பதிவுகளில் பெரும்பாலானவற்றை நீங்களே செய்துகொள்ளலாம், அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் "வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற மறுபாதிதான் ஆபத்து. ஒரு சிறுதொழிலில் திருத்த முடியாத முடிவுகள் எல்லாம் முதல் சில மாதங்களிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. யாரோடு கூட்டு, யார் பெயரில் தொழில், எந்தக் கட்டடத்துக்கு அட்வான்ஸ், என்ன மெஷின், என்ன பிராண்டு பெயர், எவ்வளவு கடன். இவை ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் நீங்கள் செலவு செய்ய வேண்டும். படிவம் நிரப்பித் தருவதற்கு அல்ல.

முதலில் காசு செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். கடன், மானியம் என்றாலே தரகரைத் தேடிப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தொழில் மையத்தில் இருப்பவர்களின் வேலையே இதைச் சொல்லித் தருவதுதான். நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மானியத் திட்டங்களில் வரிசை முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பிஎம்இஜிபியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம் என்று வகுக்கப்பட்ட திட்டம் அது. ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலை அதில் சேர்க்க மாட்டார்கள். "முதலில் தொடங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கையிலிருக்கும் பணத்தில் மெஷின் வாங்கி, பில் போட்டு விற்கத் தொடங்கிய பிறகு மனுவோடு வங்கிக்கு வருபவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்காது. நல்ல தொழில், நல்ல மனிதர்கள், வரிசை மட்டும் மாறிப்போயிருக்கும்.

இன்னொன்று, அந்தத் திட்டத்தில் மானியத் தொகை உடனே உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே வைப்பாக 3 ஆண்டு இருக்கும், தொழில் ஒழுங்காக நடக்கிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதனால் முதல் வருடச் செலவுக் கணக்கில் மானியத்தைச் சேர்க்கவே கூடாது. தமிழ்நாடு அரசின் திட்டங்களும் இருக்கின்றன: படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி, கொஞ்சம் பெரிய முதலீட்டுக்கு நீட்ஸ், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். வரம்புகளும் தகுதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்று எது திறந்திருக்கிறது, உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும், தனிநபருக்கு மட்டுமா, கூட்டு நிறுவனத்துக்கும் உண்டா என்ற கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கடைசிக் கேள்வி உங்களுக்கு மிக முக்கியம். கூட்டா, தனியா என்பதே அதன் பதிலைப் பொறுத்து மாறலாம்.

சரி, கூட்டு. நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். நாத்தனாரோடு சேர்ந்து தொழில் என்கிறீர்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுத்தில் எதையும் போடக் கூச்சமாகத்தான் இருக்கும். "நமக்குள்ள என்ன பத்திரம்?" என்று யாராவது சொல்வார்கள். எழுதாமல் விட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நட்டமும் சரிபாதி. நீங்கள் 5 லட்சம் போட்டு அவர் 1 லட்சம் போட்டிருந்தாலும் சரிபாதிதான். நீங்கள் விடியற்காலை எழுந்து வறுத்து அரைத்து, அவர் வாரக் கடைசியில் மட்டும் வந்தாலும் அதே கணக்குதான். வெளியில் வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பங்குதாரர் ஒருவர் இறந்துவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருக்காவிட்டால் கூட்டு அதோடு கலைந்துவிடும். கூட்டைப் பதிவு செய்யாவிட்டாலும் தொழில் நடத்தலாம். ஆனால் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராத கடைக்காரர் மேல் நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது. அந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

இங்கேதான் ஒரு வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். பத்திர எழுத்தரிடம் போய் ஊர், பெயர் மட்டும் மாற்றிய பழைய நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வக்கீலிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். யார் எவ்வளவு போடுகிறோம், அதற்கு வட்டி உண்டா? உழைப்புக்கு மாதச் சம்பளம் தனியா? ஒருவர் விலக நினைத்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், பணத்தை எப்போது, எத்தனை தவணையில் திருப்புவது? பிராண்டு பெயர் யாரிடம் நிற்கும்? சமையல் பக்குவம் உங்கள் மாமியாருடையது என்றால், விலகியவர் அதே பக்குவத்தில் வேறு பெயரில் விற்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் முதலில் பேசுவதில்லை. பிரியும்போது சண்டை வருவது அதில்தான். இதையெல்லாம் பேசவே முடியவில்லை, மனம் கசக்கிறது என்றால், கூட்டு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் பெயரில் தனி உரிமையாளராகத் தொடங்கி, அவருக்கு நியாயமான சம்பளமும் வருடக் கடைசியில் ஊக்கத்தொகையும் கொடுங்கள். உறவும் தங்கும், தொழிலும் தங்கும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடாவருடம் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்கான தாக்கல்கள் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து முதலீட்டாளர் வரும்போது அதைப் பார்க்கலாம்.

அடுத்தது ஆடிட்டர். நம் ஊர்களில் வரிக் கணக்குப் போட்டுத் தருகிற எல்லாரையுமே ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர்களில் பட்டயக் கணக்கர் இருப்பார், வரி ஆலோசகர் இருப்பார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்பவரும் இருப்பார். மாதாந்திரத் தாக்கலுக்கு அனுபவமுள்ள வரி ஆலோசகரே போதும். அவர்களில் மிகத் திறமையானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தொழிலின் அமைப்பு, கடன் அளவு, வரி முறையைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றுக்கு ஒரு முறையாவது பட்டயக் கணக்கரிடம் கட்டணம் கொடுத்து நேரம் வாங்குங்கள். பட்டயக் கணக்கர் சான்றளித்துத் தரும் ஆவணத்தில் யுடிஐஎன் என்று 18 இலக்க எண் ஒன்று இருக்கும். அவர்களுடைய நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ஆவணம் உண்மையா என்று யாரும் சரிபார்க்கலாம். கடனுக்குத் தரும் சான்றுகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஜிஎஸ்டி பற்றியது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல், அதாவது வருட மொத்த விற்பனை, 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை என்று யூடியூபில் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அது மாநிலத்துக்குள் விற்கும் வரை. பெங்களூரில் இருக்கும் தெரிந்தவர் பணம் அனுப்பி, நீங்கள் கூரியரில் பொடி அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. உங்களைப் போன்ற பொடித் தொழிலுக்கு அப்போது விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவை. பதிவு செய்தபின் இரண்டு பாதைகள். ஒன்று சாதாரண முறை. இன்னொன்று காம்போசிஷன் முறை: தயாரிப்பாளருக்கு விற்றுமுதலில் 1 சதவீதம் வரி, தாக்கல் வேலையும் குறைவு. ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. ஆக, "எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "முதல் வருடம் திண்டுக்கல், மதுரைக் கடைகளுக்கு மட்டும் போடப்போகிறேன், இரண்டாம் வருடம் பெங்களூருக்கு அனுப்ப ஆசை, மெஷின் இவ்வளவுக்கு வாங்குகிறேன், எனக்கு எது?" என்று கேளுங்கள். அவரால் கணக்குப் போட்டே சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேவையில்லாமல் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போடாமல் விட்டால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும்.

கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். ஆலோசனைக்கு எவ்வளவு, ஒவ்வொரு தாக்கலுக்கும் எவ்வளவு, நோட்டீஸ் வந்தால் பதில் போடத் தனியா? கேட்பதில் தவறே இல்லை, நல்ல ஆடிட்டர் சந்தோஷமாகச் சொல்வார். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்று மட்டும் சொல்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம், இதை யார் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். ஜிஎஸ்டி, வருமான வரி, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எதுவாக இருந்தாலும் உங்கள் மொபைல் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடமும் இருக்க வேண்டும். வேலை சுலபமாக முடியட்டும் என்று ஆடிட்டர் அலுவலகத்தில் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு அவரோடு ஒத்துப்போகவில்லை, வேறு ஆளிடம் மாற வேண்டும் என்னும்போது ஓடிபி அவருக்குத்தான் போகும். நோட்டீஸ் வந்தது கூட உங்களுக்குத் தெரியாமல் போகும். ஆலோசகர் உங்கள் கணக்கில் வேலை செய்யட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

உத்யம் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. இது முழுக்க இலவசம். ஆதார் எண் வைத்து அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் இதற்குப் பணம் வாங்குகின்றன, கவனம். தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது உற்பத்தி என்று சரியாகக் குறிப்பிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தயாரிப்பாளரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வெறும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, தயாரிப்பாளர்களுக்கு உண்டு. சூப்பர் மார்க்கெட்டுகள் இழுத்தடிக்கும்போது இது கையில் இருப்பது பெரிய பலம்.

இப்போது பெரும்பாலானோர் நினைத்தே பார்க்காத ஆலோசகர்: உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். வக்கீல், ஆடிட்டர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்கள் தொழிலில் இவர்தான் முதல் ஆள் என்பேன். வீட்டில் அரைத்த இட்லிப் பொடி சொந்தக்காரர்கள் கையில் பத்து நாளில் தீர்ந்துவிடும். கடையில் அது மாதக்கணக்கில் வெளிச்சத்திலும் சூட்டிலும் தொங்க வேண்டும். எள்ளும் நிலக்கடலையும் சேர்த்த பொடி எத்தனை வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்? வறுத்த பருப்பு முழுதாக ஆறும் முன் பையில் போட்டால் ஈரம் கோத்துக் கட்டி தட்டும், அதைத் தடுக்க எவ்வளவு ஈரப்பதத்தில் அடைப்பது? ஊறுகாயில் புளிப்பும் உப்பும் எந்த அளவில் இருந்தால் பூஞ்சை பிடிக்காது? மிளகாயிலும் கடலையிலும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு இருந்தால் பரிசோதனையில் சரக்கு விழுந்துவிடும். தயாரித்தவர் பெயர் உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதே. "6 மாதம் வரை பயன்படுத்தலாம்" என்று பையில் அச்சடிக்க, பக்கத்துக் கம்பெனிப் பையைப் பார்த்து எழுதினால் போதாது, சோதித்த அடிப்படை வேண்டும்.

இதற்கு நம்மிடம் நல்ல இடங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நிஃப்டெம் என்பார்கள், பயிற்சியும் தொழில் தொடங்குவோருக்கான வசதிகளும் வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மைசூரில் 1950-இலிருந்து இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ. நேரில் ஒரு பயிற்சிக்குப் போய்வாருங்கள். மெஷின் விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு பல்வரைசர் என்னும் அரைக்கும் மெஷினை வாங்காமல், உங்கள் அளவுக்கு என்ன திறன் போதும், அரைக்கும்போது சூடேறி மணம் போகாமல் இருக்க என்ன செய்வது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு விலை பேசுங்கள். முதல் ஆறு மாதம் நல்ல மில்லில் கூலிக்கு அரைத்து விற்றுப் பார்ப்பதும் புத்திசாலித்தனம். மானியக் கடனுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும், வரிசை பற்றி மேலே சொன்னதை முதலில் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். விற்றுமுதலைப் பொறுத்து அது பதிவா, உரிமமா என்று மாறும், உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பையின் மேல் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு தனித்தனிச் சட்டங்கள். சேர்மானப் பட்டியல், ஒவ்வாமை தரும் பொருள்கள், சைவக் குறி, உரிம எண், தொகுப்பு எண் எல்லாம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பவை. நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை எடையளவுச் சட்டம் கேட்பவை. பொட்டலம் போடுபவராக எடையளவுத் துறையிலும் பதிவு செய்ய வேண்டும். பை அச்சுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், மாதிரியை ஒரு தொழில்நுட்ப ஆலோசகரிடம் காட்டி வரிவரியாகச் சரிபாருங்கள். குறைந்தபட்ச ஆர்டர் என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்துத்தான் தருவார்கள். ஒரு வரி விடுபட்டாலும் அத்தனையும் வீண்.

அச்சுக்கு முன் பெயரையும் பாருங்கள். வணிகச் சின்னப் பதிவேட்டின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பில் வரும், ஊறுகாய் 29-இல் வரும், இரண்டிலும் தேடுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்கு. "சுவை மசாலா" போல் பொருளை வர்ணிக்கும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம். நீங்கள் வைத்திருக்கும் பெயர் நிற்குமா என்பதற்கு வணிகச் சின்னத்தில் அனுபவமுள்ள வக்கீலின் கருத்து ஒரு தடவை வாங்குவது வீண் செலவே அல்ல.

கட்டடம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் மூன்று விஷயம் உறுதி செய்யுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவாரா, மின் ரசீதும் வரி ரசீதும் பதிவுகளுக்குத் தருவாரா, மின் இணைப்பை வீட்டு உபயோகத்திலிருந்து மாற்றச் சம்மதிப்பாரா? வீட்டு இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் இருமடங்கு கட்டணம் விதிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப்பதிவு அவசியம்.

யாருடைய பேச்சை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் விற்பவர், "மானியம் நான் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்பவர், கடனோடு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று அழுத்துபவர். இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல, ஆனால் நீங்கள் சரி என்றால்தான் அவர்களுக்கு வருமானம். திட்ட அறிக்கையையும் அப்படிப்பட்டவரிடம் எழுதி வாங்காதீர்கள். வங்கியில் மேலாளர் கேட்கும் முதல் கேள்வியே "மாதம் எத்தனை கிலோ விற்றால் தவணை கட்ட முடியும்?" என்பதுதான். அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எண்ணை மனு போட்டவர் தானாகச் சொல்லாவிட்டால் எனக்குக் கை தயங்கும். ஆடிட்டர் தட்டச்சு செய்யட்டும், எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். மிளகாய், மல்லி, பருப்பு என்ன விலை, அரைக்கும்போது சேதாரம் எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு கழிவு, கடனில் போகும் சரக்குக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? இதை ஒரு நோட்டில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஆக, இந்த வாரம் தொழில் மையம். அடுத்து நாத்தனாரோடு அந்தக் கேள்விகள். கூட்டு என்று முடிவானால் வக்கீல், பிறகு உங்கள் நோட்டோடு பட்டயக் கணக்கர். தஞ்சாவூர்ப் பயிற்சி எப்போது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டட அட்வான்ஸும் மெஷின் ஆர்டரும் பை அச்சும் இதற்கெல்லாம் பிறகுதான். தொழில் மையத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எந்தத் திட்டம் என்று தெரிந்தால் கடன் மனுவில் வங்கி எதைப் பார்க்கும் என்று விவரமாகச் சொல்கிறேன்.